முதல்ல மெயினை ஆஃப் பண்ணு

அன்புள்ள செல்விக்கு அப்பா எழுதுவது. நான், அம்மா, மாடியில் இருக்கும் உன் சித்தி எல்லோரும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டுக்கொண்டேன். உன் நலத்தை நீ எழுது.

ஃபோனில் கூப்பிட்டால் "நல்லாத்தான்பா இருக்கேன், மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். ராத்திரி ஒன்பது மணிக்குமா மீட்டிங்? அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதை நீ பாதியில் கட் பண்ண முடியாது.

இங்கே குடியாத்தத்தில் நல்ல மழை. மோர்தானா அணை நிரம்பி கவுண்டன்ய ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே பாலத்தில் நின்று செல்போனில் படம் பிடிக்கிறது. சின்னப் பிள்ளையைக் கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்துப் படம் எடுக்கிறான் ஒருத்தன். நான் திட்டினேன், "பெருசு, உன் வேலையைப் பாரு" என்றான். 2021-இல் பாலாற்றிலும் இதே கூத்துதான். விரிஞ்சிபுரம் தரைப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது உனக்கு ஞாபகம் இருக்கும். மணலைத் தவிர ஒன்றையும் பார்க்காத ஜனத்துக்கு ஆற்றில் தண்ணீர் வந்தால் அது திருவிழா. அந்த நவம்பரில்தான் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் போனார்கள், அதில் நாலு குழந்தைகள். வேடிக்கை பார்க்கிறவனுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கிறது.

அதே மாதம் 29-ஆம் தேதி விடியற்காலை நிலம் ஆடியதே, 3.6 என்று டிவியில் சொன்னார்களே, அன்றைக்கு உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். பீரோவில் நகை இருக்கிறது, சுகர் மாத்திரை மேசை மேலேயே இருக்கிறது, அவள் கைக்கு வந்தது ரேஷன் கார்டு. இப்போது சொன்னாலும் சண்டைக்கு வருவாள். தெருவில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டை விட்டு ஓடி வந்து, எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்து, நேராக டிரான்ஸ்பார்மருக்கு அடியில் போய்க் கூட்டமாக நின்றார்கள். நான் லுங்கியைப் பிடித்துக்கொண்டு "கம்பிக்கு அடியில நிக்காதீங்கடா" என்று கத்தி விரட்டினேன். அறிவு கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த நிமிஷத்தில் கால் முதலில் ஓடும், புத்தி பின்னால்தான் வந்து சேரும். படித்தவன், படிக்காதவன், எல்லோருக்கும் அப்படித்தான்.

அதற்காகத்தான் எங்களுக்கு மின்சார இலாகாவில் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொடுத்தார்கள். லைன் கிளியர், அதாவது கரண்டை நிறுத்தியாயிற்று என்ற அனுமதி, வாங்காமல் கம்பத்தில் கை வைக்காதே. வாங்கின பிறகும் கம்பியைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடு போடாமல் கை வைக்காதே. கிளிப்பிள்ளை மாதிரி சொல்ல வைப்பார்கள். அப்போது எரிச்சலாக இருக்கும்.

வீட்டுக் கொடிக்கம்பியைக் கழற்றிவிட்டேன். இரும்புக் கம்பி போய் நைலான் கயிறு வந்தாயிற்று. ஒடுகத்தூர் பெரியப்பா வீட்டில் நடந்ததற்குப் பிறகும் இத்தனை வருஷம் அதை விட்டு வைத்திருந்தோம். அங்கே முதலில் தொட்டது பெரியம்மாதான், ஈரத்துணியோடு. பெரியப்பா ஓடி வந்து தோளைப் பிடித்து இழுத்தார். உனக்குத் தெரிந்த கதை, மேலே எழுதவில்லை. உன் வீட்டு பால்கனியில் துணி எதில் காய்கிறது? பார்த்து எழுது.

செல்வி, நான் சர்வீஸில் இருந்தபோது போய்ப் பார்த்த சாவுகளில் பாதிக்கு மேல் ரெண்டாவது ஆளுடையது. மலையடிவாரக் கொல்லையில் காட்டுப்பன்றிக்கு எவனாவது திருட்டுத்தனமாகக் கம்பி வேலி போட்டு கரண்ட் கொடுத்திருப்பான். ஒருத்தன் மிதிப்பான், கூட வந்தவன் தூக்கப் போவான். கிணறும் அப்படித்தான். தோல் தொழிற்சாலைத் தொட்டிக்குள் இறங்கினவன் மயங்கி விழுவான், அண்ணன் இறங்குவான், அவனைத் தேடி மச்சான் இறங்குவான். ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் இதைப் பேப்பரில் படிக்காத வருஷம் உண்டா? அந்த விஷவாயு அழுகின முட்டை மாதிரி நாறும் என்பார்கள். அளவு அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றமும் தெரியாது. ரெண்டாவது ஆள் கோழையில்லை, பாசக்காரன். அந்தப் பாசம்தான் அவனைக் கொல்கிறது. அதனால் முதலில் மெயினை ஆஃப் பண்ணு. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

முருங்கைக்காய் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. அம்மா எட்டிப் பார்த்து "என்னங்க, முருங்கைக்காய் பத்தி எழுதினீங்களா" என்று கேட்டாள். எழுதிவிட்டேன்.

கரண்ட் பிடித்த ஆள் ஏன் கையை விடுவதில்லை என்று நீ ஏழாவது படிக்கும்போது கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? ஏ.சி. கரண்ட் தசையைச் சுருக்கிவிடும். உள்ளங்கையில் பட்டால் விரல் மூடிக்கொள்ளும், விடு என்று மூளை சொன்னாலும் கை கேட்காது. அவன் உடம்பும் அப்போது ஒரு கம்பிதான். அவனைத் தொட்டால் கம்பியைத் தொட்ட மாதிரி. ஃபியூஸ் போகுமே என்று கேட்பார்கள், போகாது. ஆள் உடம்பு வழியாகப் போகும் கரண்ட் ஃபியூஸ் கம்பியை எரிக்கிற அளவுக்கு வராது, உயிரை எடுக்கிற அளவுக்கு வரும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கட் ஆகிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போடச் சொல்லி நான் ஊரெல்லாம் கத்துவது அதனால்தான். காய்ந்த கட்டையால் தள்ளு என்று புத்தகத்தில் இருக்கும். கொட்டுகிற மழையில் காய்ந்த கட்டைக்கு எங்கே போவது? தரை ஈரம், செருப்பு ஈரம், துப்பட்டா ஈரம், கேட்டுக்கு முன்னால் கணுக்கால் தண்ணீர்.

கேட் என்று எழுதிவிட்டேன். சரி. மறைத்து எழுத எனக்கு வராது.

மாப்பிள்ளை சொன்னார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, சொல்ல வேண்டாம் என்று நீ சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னார். நீ ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாய், வாசல் பக்கம் போகாமல் பின்பக்கம் சுற்றிப் போகிறாய், பேரன் கேட்டால் அவனையும் அதட்டுகிறாய் என்றார். அம்மாவுக்குத் தெரியாது. இந்தக் கவரை அவள் கண்ணில் படாமல்தான் ஒட்டப்போகிறேன்.

அந்தத் தண்ணீர் கேன் போடுகிற பையன் கேட்டைப் பிடித்தபடி நின்றபோது நீதான் முதலில் புரிந்துகொண்டாய். வாட்ச்மேன் அவனை இழுக்கப் போனார், நீ அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் தள்ளினாய். "யாரும் தொடாதீங்க" என்று கத்தினாய். மீட்டர் ரூமுக்கு ஓடினாய். பூட்டு. சாவி எங்கே என்று வாட்ச்மேனுக்கே கை ஓடவில்லை. திறந்து மெயினை இறக்க நாலு நிமிஷம் ஆகிவிட்டது. இதில் எது உன் தப்பு? மீட்டர் ரூமைப் பூட்டி வைத்தது நீயா? கேட் தூணில் லைட்டுக்கு வயர் இழுத்து, அது இரும்பில் உரசி மேல்தோல் போகிற வரைக்கும் பார்க்காமல் விட்டது நீயா? கேட்டுக்கு எர்த் போடாதது நீயா?

நீ பக்கத்திலேயே நின்றும் தொடாமல் இருந்துவிட்டாய், பெற்ற பிள்ளையாக இருந்தால் இப்படி நிற்பாளா என்று யாரோ ஒரு அம்மா லிஃப்ட்டில் வைத்துச் சொன்னார்களாம். அவர்களிடம் நான் பேச வேண்டும். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அப்படித்தான் நிற்க வேண்டும். அன்றைக்கு உங்கள் கேட்டில் ஒரு சாவு. நீ இல்லையென்றால் ரெண்டு, வாட்ச்மேனுக்குப் பின்னால் இன்னொருத்தன் போயிருந்தால் மூணு. வாட்ச்மேன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தாயா? விசாரி.

கரண்ட் போன பிறகு அவன் நெஞ்சை அமுக்கினதும் நீதானாமே. மற்றவர்கள் உள்ளங்காலைத் தேய்த்தார்களாம், வாயில் தண்ணீர் விடப் பார்த்தார்களாம். நம்ம ஜனம் எல்லாவற்றுக்கும் தண்ணீர் கொடுக்கும். நான் உன் தலையணையை வைத்துச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வைத்திருந்தாயே. நடு நெஞ்சில் ரெண்டு கையும், முழங்கை மடங்காமல், 5 சென்டிமீட்டர் இறங்கணும், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. 108 வருகிற வரைக்கும் நீ விடவில்லை என்று சொல்லும்போது மாப்பிள்ளைக்குக் குரல் உடைந்தது. எனக்கும்தான். எங்கள் செக்‌ஷனில் டிரெயினிங் எடுத்தவர்களே சிலர் ஆளைக் கண்டதும் உறைந்து நின்றிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வாழ்நாள் முழுக்கக் கம்பத்தில் ஏறினவன் உன் அப்பன். இதைச் சொல்ல உனக்கு நான் ஒருத்தன் இல்லையா? பேரனுக்குப் பல் விழுந்தால் ஃபோன் போடுகிறாய். பால் பாக்கெட் விலை ஏறினால் போடுகிறாய். இதற்கு இல்லையா? நான் என்ன கேட்பேன் என்று பயந்தாய்? ஏன் இன்னும் வேகமாக ஓடவில்லை என்றா? அவ்வளவுதானா என்னைத் தெரிந்துகொண்டது.

ஒன்றே ஒன்று அடுத்த தடவைக்கு, அப்படி ஒன்று வரவே வேண்டாம். "யாராவது 108-க்குப் போடுங்க" என்று கத்தினாயாம். கூட்டத்தில் யாராவது என்றால் யாருமில்லை. பக்கத்தில் இருப்பவன் போட்டிருப்பான் என்று ஒவ்வொருத்தனும் நினைப்பான். ஒரு ஆளைக் கை நீட்டிக் காட்டணும். "சிவப்புச் சட்டை, நீங்க போடுங்க. நீங்க ரோட்டுக்குப் போய் ஆம்புலன்ஸுக்கு வழி காட்டுங்க." சொன்னால் செய்வார்கள். 2011-இல் சித்தேரியில் ரயில் மோதிய அந்த மழை ராத்திரியில் ஊர்க்காரர்கள் டார்ச்சோடு ஓடிப்போய் ஆளைத் தூக்கினார்களே, அதே ஜனம்தான் இதுவும். இதை உனக்கு நான் முன்பே சொல்லியிருக்கிறேன், நீ சின்னப் பிள்ளை, காதில் வாங்கவில்லை.

மழைநாளில் தெருவிளக்குக் கம்பத்தைத் தொடாதே, பேரனையும் தொட விடாதே. கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போகாதே, சுற்றி ஈரத்தரையிலும் கரண்ட் இருக்கும். மின்வாரியத்தில் புகார் சொல்கிற மின்னகம் 9498794987, ஃப்ரிட்ஜ் மேல் எழுதி ஒட்டு. வீட்டில் ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அமுக்கிப் பார். போன தடவை கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. எது நடந்தாலும் முதலில் மெயினை ஆஃப் பண்ணு. தெரியும் என்று சொல்வாய், தெரிந்தாலும் கேட்டுக்கொள்.

நீ கூப்பிட மாட்டாய், நானே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், அம்மாவிடம் பேரனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியாயிற்று. முருங்கைக்காய் கொண்டு வருகிறேன். கைப்பையில் டெஸ்டரும், வயரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிற மெக்கரும் இருக்கும். அந்தக் கேட்டுக்கு இப்போதாவது எர்த் போட்டார்களா, வயரை மாற்றினார்களா, இல்லை டேப் சுற்றிவிட்டுப் போனார்களா என்று என் கண்ணால் பார்க்கணும். அசோசியேஷன் செக்ரட்டரி இருப்பாரா என்று கேட்டு வை. மீட்டர் ரூமுக்கு இன்னொரு சாவி செய்து வெளியே கண்ணாடிப் பெட்டியில் தொங்கவிடாமல் நான் ஊர் திரும்பப் போவதில்லை. நீயும் என்னோடு கேட் வரைக்கும் வரணும்.

அப்பா