பருவ நிறைவுச் செய்தியும் திரைப்பதிவு வீடியோக்கள் பற்றி ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது. பேச்சுப் போட்டியிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டு பரிசுகளும் வாங்கினார்கள். நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் என் பாராட்டுகள்.

அப்புறம், கணினிப் பாடத்துக்காகப் பிள்ளைகள் அனுப்பிய திரைப்பதிவு வீடியோக்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச்சில் தாங்கள் செய்த விளையாட்டை ஓட்டிக் காட்டி, அதை எப்படிச் செய்தார்கள் என்று 3 நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. கணினி ஆசிரியரோடு உட்கார்ந்து நானும் அவற்றைப் பார்த்தேன்.

பல வீடியோக்களில் குரலே பதிவாகவில்லை. அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஐபோனில் திரைப்பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்து, மைக்கை ஆன் செய்தால்தான் பேச்சு பதிவாகும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பதிவைத் தொடங்கும் முன் மைக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை நாங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சத்தமில்லாத வீடியோவில் பிறகு ஒலி சேர்ப்பதும் தவறில்லை. ஆனால் என்ன ஒலி சேர்ந்தது என்பதுதான் என் கவலை.

சிலவற்றில் தொடக்கம் முதல் முடிவு வரை இசை. சிலவற்றில் அப்பாவோ அம்மாவோ தெளிவாக விளக்குகிறார்கள். பிள்ளையின் குரல் ஓரிடத்தில்கூட இல்லை. ஒரு மாணவியின் வீடியோவில், மவுஸ் லூப்பின் மேல், அதாவது கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் கட்டையின் மேல், வந்து நிற்கிறது. ஒரு கட்டையை வெளியே எடுக்கிறாள், திரும்ப உள்ளே வைக்கிறாள். எங்களுக்குக் கேட்டது இசை மட்டும்தான். ஹெட்போன் மாட்டிச் சத்தத்தைக் கூட்டியபோது, அடியில் அவள் குரல்: “இதை லூப்புக்கு வெளியே வச்சதாலதான் ஸ்கோர் ஏறவே இல்ல.” அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் இந்த வேலையையே கொடுத்தோம்.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கம் பிள்ளையின் குரலில் இல்லாத வீடியோவையும், இசையில் அந்தக் குரல் அமுங்கிப்போன வீடியோவையும் மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ள மாட்டோம். அடுத்த பருவத்தின் முதல் வாரத்துக்குள் திருத்தி அனுப்ப வேண்டும்.

திரையை மறுபடி பதிவு செய்ய வேண்டியதில்லை. வீடியோவை ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே பிள்ளை பேசட்டும். போனில் உள்ள குரல் பதிவியே போதும். வீடியோவின் சத்தம் மைக்கில் ஏறாமலிருக்க ஹெட்போன் மாட்டிக்கொள்ளட்டும். அந்தக் குரலை வீடியோ எடிட்டரில் தனி டிராக்காக, அதாவது தனி ஒலி அடுக்காகச் சேருங்கள். பழைய ஒலியை அழிக்காமல் சற்றுக் குறைத்து வைத்தால், விளையாட்டின் சத்தங்களும் அப்படியே இருக்கும். விளக்கம் நீண்டுவிட்டால் பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள். அந்தக் காட்சியை அப்படியே உறையவைத்துக்கொள்ளலாம்.

போனில் எடுத்த திரைப்பதிவில் ஒரு நொடிக்கு வரும் பிரேம்களின் (தனித்தனிப் படங்களின்) எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் சில எடிட்டர்களில் போகப் போகக் குரல் முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். குரலைச் சிறு துண்டுகளாக வெட்டி, அந்தந்த கிளிக்கோடு பொருத்தினால் சரியாகிவிடும்.

இசை வேண்டுமென்றால் தொடக்கத்திலும் முடிவிலும் சில நொடிகள் போதும். பேச்சுக்கு அடியில் வைத்தே ஆக வேண்டுமென்றால், அது பேச்சைவிட 20 டெசிபெலாவது குறைவாக இருக்கட்டும். டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டுதல் சொல்லும் அளவும் இதுதான். இந்த வீடியோக்களை வகுப்பில் எல்லோரும் பார்ப்பார்கள். கேட்புக் கருவி அணிந்தவர்களுக்குப் பின்னணி இசையிலிருந்து பேச்சைப் பிரித்துக் கேட்பது மிகவும் சிரமம்.

பிள்ளை தடுமாறினால், “ம்ம்…” என்று யோசித்தால், அதை வெட்டிவிடாதீர்கள். எங்களுக்கு அதுவும் வேண்டும்.

வேலை முடிந்து வந்து, களைப்போடு எடிட்டரைக் கற்றுக்கொண்டு பிள்ளைக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த அக்கறை ஒவ்வொரு வீடியோவிலும் தெரிந்தது. அதற்கு என் மனமார்ந்த நன்றி. வீட்டில் வசதி இல்லாதவர்களுக்காக அடுத்த பருவத்தின் முதல் வாரம் முழுவதும் பள்ளி முடிந்தபின் கணினி ஆய்வகம் திறந்திருக்கும். மைக்கும் ஹெட்போனும் அங்கே இருக்கும். அசல் வீடியோவை மட்டும் அழித்துவிடாமல் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்