காத்திருக்க வைத்த மருத்துவருக்கும் மற்றவர்களுக்கும்

அப்பா வீடு திரும்பி இன்றோடு பத்து நாள். நேற்று இன்னும் ஓர் இட்லி வேண்டுமென்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இதைக் கேட்டு மகிழக்கூடிய பலரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பொது மடல்.

அன்று இரவு காபித்தூளைக் கரைத்ததுபோல வாந்தி எடுத்தார். மூன்று நாளாக மலம் தார்போலக் கருத்திருந்ததை எங்களிடம் சொல்லவே இல்லை. இரண்டும் வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அடையாளம். வாந்தி புரையேறாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வழிநெடுகக் கையைப் பிடித்துக்கொண்டே வந்த 108 ஆம்புலன்ஸ் தம்பிக்கு முதல் நன்றி.

"உடனே எண்டோஸ்கோப்பி செய்யுங்கள், வாய்வழியே குழாய் விட்டுப் பாருங்கள்" என்று அவசரப் பிரிவில் சத்தம் போட்டேன். இரவுப் பணியில் இருந்த டாக்டர் அம்மா கோபப்படவில்லை. "நாடி 130, ரத்த அழுத்தம் 80. இப்போது குழாய் விட்டால் தாங்கமாட்டார். ரத்தமும் மருந்தும் ஏற்றித் தேற்றிவிட்டுக் காலையில் பார்ப்போம். தேறாமல் ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் இரவிலேயே செய்வோம்" என்றார். அம்மா, அன்று நான் பேசியதற்கு மன்னித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் தேடிப் படித்தேன். இப்படி ரத்தம் கசிந்து ஆபத்து அதிகமுள்ள 516 பேரிடம் ஹாங்காங்கில் நடத்தி 2020இல் வெளியான ஆய்வு அது. குடல்நோய் நிபுணருக்குத் தகவல் போன 6 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி செய்தவர்களில் 30 நாளில் இறந்தோர் 8.9 சதவீதம், 6 முதல் 24 மணி நேரத்துக்குள் செய்தவர்களில் 6.6 சதவீதம். முந்திச் செய்ததால் உயிர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை. ரத்த இழப்பால் ரத்த அழுத்தம் விழுந்து அந்த அதிர்ச்சி நிலையிலிருந்து மீளாதவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் காத்திருப்பு பொருந்தாது. கல்லீரல் நோயால் உணவுக்குழாய் ரத்தநாளம் வெடித்தவர்களுக்கும் 12 மணி நேரமே கெடு.

ஆனால் அன்றிரவு எனக்கு நம்பிக்கை தந்தது செவிலியர் சகோதரிதான். கால் மணிக்கு ஒருமுறை நாடி பார்த்து, எண்ணை எங்களிடம் சொல்லிவிட்டே தாளில் எழுதினார். 126. 118. விடியும்போது 98.

காலையில் சிறுகுடலின் தொடக்கத்தில் இருந்த புண்ணுக்கு ஊசி போட்டுக் கிளிப் மாட்டினார்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் அவராக வாங்கி விழுங்கிய மாத்திரைகள் செய்த வேலை. நள்ளிரவில் வந்து ரத்தம் கொடுத்த இரு கல்லூரி மாணவர்களே, உங்களை அப்பா பார்க்க வேண்டும் என்கிறார்.

சகோதரி, இன்று காலை அப்பாவின் நாடி 76.