மறுபடி ஓட்டினால் மறையும் பிழை

அன்புள்ள கண்ணு,

கோடைக் கம்பைல் செய்து புரோகிராமாக்கும் 'மேக்' கருவியில் பிழை என்று நீ கொடுத்த புகாரை "எங்களிடம் இந்தப் பிழை வரவில்லை" என்று ஒரே வரியில் மூடிவிட்டார்கள் என எழுதியிருந்தாய். மனசு கசந்திருக்கும். ஆனால் சம்பளமில்லாமல், வேலை முடிந்த நேரத்தில் அந்தக் கருவியைப் பராமரிக்கிறவரிடம் உன் மொத்த புராஜெக்ட்டையும் கொடுத்து, பில்டு செய்து பாருங்கள் என்றால் அவர்தான் என்ன செய்வார்?

எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் சேர்த்து ஓட்டினால் உடைகிறது, உடனே மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறது என்கிறாயே, துப்பு அதில்தான் இருக்கிறது. பதிப்பு எண் இருக்கும் வெர்ஷன் ஹெட்டர் ஃபைலை உங்கள் ஸ்கிரிப்ட்தானே உருவாக்குகிறது? மெயின் ஃபைலுக்கு அது தேவை என்று மேக்ஃபைலில், அதாவது மேக்குக்கான விதிகள் இருக்கும் ஃபைலில், எழுதியிருக்கிறதா பார். எழுதாவிட்டாலும், ஒவ்வொன்றாக ஓடும்போது வரிசை தற்செயலாகச் சரியாக அமைந்துவிடும். சேர்ந்து ஓடும்போது ஹெட்டர் உருவாகும் முன்பே கம்பைலர் அதைத் தேடும். இரண்டாம் தடவை ஃபைல் ஏற்கெனவே இருப்பதால் பிழை தெரியாது. 2022இல் வந்த குனூ மேக் 4.4இல் ஷஃபிள் என்று ஓர் ஆப்ஷன் உண்டு. வரிசையைக் கலைத்து ஓட்டி, இப்படி விடுபட்டதையெல்லாம் வெளியே இழுத்துவிடும். அதில் சிக்கினால் திருத்த வேண்டியது நம் மேக்ஃபைலைத்தான்.

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியும் உடைகிறதா? அப்போது தவறு மேக்கிலேயே இருக்கலாம், விடாதே. இரண்டு மூன்று விதிகள் மட்டும் மிஞ்சும்வரை மேக்ஃபைலைக் குறை. பதிப்பு எண், கொடுத்த கட்டளை, வந்த முழுச் செய்தி எல்லாவற்றையும் எழுத்தாகவே ஒட்டு. ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பதை யாராலும் தேட முடியாது. பழைய பதிப்பில் சரியாக ஓடியிருந்தால் எந்த மாற்றத்தில் பிழை நுழைந்தது என்று பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்ட் போடு. ஆயிரம் கமிட், அதாவது பதிவான மாற்றங்கள், இருந்தாலும் பத்துப் படிகளில் பிடித்துவிடலாம். ஆனால் இது எப்போதாவது வருகிற பிழை. ஒரு தடவை தப்பித்ததை நம்பி 'நல்லது' என்று குறித்தால் தேடல் தப்பான பக்கம் போய்விடும், படிக்குப் படி பல தடவை ஓட்டு. அப்புறம், திருத்தும் முன் டெஸ்ட்டை எழுது. பழைய கோடில் தோற்காத டெஸ்ட்டை நான் நம்ப மாட்டேன்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பாய். 1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதியதே, நண்பர் ஒருவர் ஏற்கெனவே திருத்திய புரோகிராமில் பிழை தேடி ஒரு காலைப் பொழுதை வீணாக்கியதால்தான். திருத்திய ஃபைல் மறுபடி கம்பைல் ஆகவே இல்லை. பில்டு கருவி தவறினால் மனிதர்கள் தங்கள் சரியான கோடைச் சந்தேகிக்கிறார்கள். எனக்கு அது பொறுப்பதில்லை.

குறைத்த மேக்ஃபைலை எனக்கும் அனுப்பு, இங்கேயும் ஓட்டிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா