29 நிமிடத்துக்கு முன்னால் நடந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

குரோஷியாவின் விடோமிர் மாரிச்சிச் 2025 ஜூனில் 29 நிமிடம் 3 விநாடி தண்ணீருக்கடியில் தம் கட்டிச் சாதனை படைத்ததைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த துணுக்கைப் படித்தேன். 22 வருடமாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவன் நான். துணுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது. அவர் தண்ணீருக்குள் போகுமுன் சுத்த ஆக்சிஜனை இழுத்து உடம்பில் நிரப்பிக்கொண்டார். அதற்கு அந்தப் பிரிவில் அனுமதி உண்டு, ஏமாற்று வேலை இல்லை. 2021-ல் 24 நிமிடம் 37 விநாடி இருந்த புதிமிர் ஷோபாத்தும் அப்படித்தான் செய்தார். அப்போது அவருக்கு 56 வயது என்பது என் போன்றவர்களுக்கு ஒரு ஆறுதல்!

நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். அந்தக் காற்றை மட்டும் வைத்துக்கொண்டு பிரான்சின் ஸ்டெஃபான் மிஃப்சூத் 2009-ல் இருந்தது 11 நிமிடம் 35 விநாடி. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வேலை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது, ஓட்டப் பந்தயத்தையும் சைக்கிள் பந்தயத்தையும் ஒன்றாகச் சேர்ப்பது மாதிரி.

இதற்கு ஏன் ஒரு கடிதம் என்று நினைக்கலாம். துணுக்கு வந்த மறுநாளே குளத்தில் மூன்று பையன்கள் போட்டி போட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் பழைய ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது.

சில வருடங்களுக்கு முன், 14 வயதுப் பையன் ஒருவன் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி, துருத்தியைப் போல வேகவேகமாக இருபது முப்பது தடவை மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போனான். அப்படி வாங்கினால் ஆக்சிஜன் கூடிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் அதிகம் கூடாது. கரியமில வாயுதான் குறையும். 'மூச்சு விடு, மூச்சு விடு' என்று நம்மை உந்துவது பெரும்பாலும் அந்த வாயு சேர்வதுதான். அது குறைந்துபோனால் மணி அடிக்க ஆளில்லை. தவிப்பு வருவதற்குள் மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் மயக்கம் வந்துவிடும்.

நான் மறுகோடியில் வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். அவனுடைய சிநேகிதன் கரையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்து உற்சாகமாக எண்ணிக்கொண்டிருந்தான்: "ரெண்டு நிமிஷம் பத்து... பதினொண்ணு..." நிமிர்ந்து பார்த்தபோது, கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன. தத்தளிப்பு இல்லை, குமிழி இல்லை. குதித்து, முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கினேன். உதடு நீலமாக இருந்தது. வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதிய பிறகு இருமினான். கண்ணைத் திறந்ததும் கேட்டான்: "ஏன் சார் தூக்கினீங்க? இன்னும் பத்து செகண்ட் இருந்திருப்பேன்."

மயங்கியதே அவனுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். எண்ணிக்கொண்டிருந்த பையன்தான் அப்புறம் ஒரு மாதம் குளத்துப் பக்கமே வரவில்லை.

சாதனையாளர்கள் யாரும் தனியாக இறங்குவதில்லை. பக்கத்திலேயே பாதுகாப்புக்கு ஆள் நிற்பார். போட்டியில், வெளியே வந்து 15 விநாடிக்குள் முகத்தில் மாட்டியிருப்பதைக் கழற்றி, சைகை காட்டி, 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லியாக வேண்டும். மயங்கிவிட்டால் அந்த முயற்சி செல்லாது.

அடுத்த முறை இப்படிச் செய்தி போடும்போது எண்ணுக்குப் பக்கத்திலேயே 'சுத்த ஆக்சிஜன் இழுத்த பிறகு' என்றும், 'அருகில் பாதுகாவலருடன்' என்றும் சேர்த்துவிடுங்கள். ஒரு வரிதான் ஆகும். இப்போதைக்கு உங்கள் துணுக்கை வெட்டி, அந்த வரியை நானே சிவப்புப் பேனாவில் எழுதி, உடை மாற்றும் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நீச்சல் பயிற்சியாளர்