மூட்டை தூக்கிய எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கார்த்திகை மழையில் எங்கள் ஏரிக்கரை பிழைத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. நன்றி சொல்ல இத்தனை நாளா என்று கேட்பீர்கள். அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லை அறுத்து வீடு சேர்த்தபிறகு எழுதலாம் என்று இருந்துவிட்டேன். போன வாரம்தான் களம் காலியானது.

தெரியாதவர்களுக்காக: எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். ஆந்திராதான், ஆனால் வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. ஏரி நிரம்பி வழிந்தால் நாங்கள் ‘கோடி போகிறது’ என்போம், பக்கத்து ஊர்க்காரர்கள் ‘மொரவ’ என்பார்கள். அன்று ராத்திரி இரண்டு பாஷையிலும்தான் கத்தினோம்.

முதல் நன்றி, ஏரியைக் காவல் காத்து வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீருகண்டித் தாத்தாவுக்கு. களத்தில் அவருக்கு நெல் அளக்கும் வழக்கம் நின்று எவ்வளவோ வருஷமாகிறது. ஆனாலும் மழை பிடித்தால் அவர் கரைக்குப் போவதை நிறுத்தவில்லை. இரவு இரண்டு மணிக்கு, மதகுக்குச் சற்றுத் தள்ளி, கரையின் வெளியடியில் தண்ணீர் கொப்புளிப்பதைப் பார்த்திருக்கிறார். கரையடி ஈரம் எங்களுக்குப் புதிதல்ல. அந்த ஈரத்தில்தான் என் பாட்டி வருஷம் முழுக்கக் கீரை போட்டார். தாத்தா அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தி டார்ச் அடித்துப் பார்த்தார். டீ நிறத்தில் இருந்தது. ஓடிவந்து என் வீட்டுக் கதவைத் தட்டியவர், “தண்ணி வரல தம்பி, கரையே வருது” என்றார். பத்து நிமிஷத்தில் திரௌபதி அம்மன் கோயில் மைக் அலறியது.

அப்புறம் திருத்தணியிலிருந்து போனில் பேசிய ஐயாவுக்கு. பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் களிமண்ணைக் கொட்டி அந்த ஊற்றை அடைத்துவிடப் போனோம். “ஐயோ, அடைக்காதீங்க! இங்க அடைச்சா வேற இடத்துல பிச்சுக்கிட்டு வரும்” என்று ஸ்பீக்கரில் கத்தினார். அவர் சொன்னபடி முதலில் ஆற்று மணல், அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேல் பெருங்கல் போட்டோம். தண்ணீர் போகட்டும், மண் போகக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மூட்டைகளை வட்டமாக அடுக்கினோம். உள்ளே தண்ணீர் தேங்கத் தேங்க ஊற்றின் வேகம் குறைந்தது. ஏரிப் பக்கம் மதகருகே சின்னதாக ஒரு சுழி தெரிந்தது. அங்கே தார்ப்பாயை விரித்து மூட்டைகளை இறக்கினோம். யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று ஐயா சொல்லியும் கயிறு கட்டி இறங்கிய இரண்டு தம்பிகளுக்கு நன்றியும் உண்டு, திட்டும் உண்டு.

டீக்கடை அண்ணன் கொண்டுவந்த கண்ணாடி கிளாஸ்களை மறக்க முடியாது. அரை மணிக்கு ஒரு கிளாஸ் ஊற்றுத் தண்ணீர் பிடித்துக் கரைமேல் வரிசையாக வைத்தோம். முதல் கிளாஸில் ஒரு விரற்கடைக்குச் சேறு படிந்தது. மூன்றாவதிலும் பாதி விரல். விடியும்போது பிடித்த கிளாஸின் அடியில் மெல்லிய கோடுதான் இருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் அண்ணன் அடுப்பைப் பற்றவைத்தார்.

மூட்டைக்குப் பை கொடுத்த அரிசி மில்லுக்கும், நூல் வந்த பைகளைத் தறிக்கொட்டாய்களிலிருந்து அள்ளிக்கொண்டு ஓடிவந்த பிள்ளைகளுக்கும், மண் நிரப்பிய நூறுநாள் வேலை அக்காமார்களுக்கும் நன்றி. பையில் முக்கால்தான் நிரப்ப வேண்டும், அப்போதுதான் ஒன்றோடொன்று படிந்து உட்காரும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான்.

ஜேசிபி ஓட்டிய தெலுங்குத் தம்பிக்குச் சொல்லும் நன்றியோடு ஒரு ஒப்புதலும் சேர்ந்திருக்கிறது. கூடுதலாக ஒரு மாசத் தண்ணீர் கிடைக்கும் என்று கோடியின், அதாவது உபரித் தண்ணீர் வழியும் கலிங்கின், மேல் ஒரு அடிக்கு மணல் மூட்டை அடுக்கியிருந்தவர்கள் நாங்கள்தான். அது போதாதென்று மீன் குத்தகைக்காரர் கட்டிய வலையில் குப்பை சேர்ந்து பாதி வழி அடைத்துக் கிடந்தது. “கோடியில ஒரு அடி ஏத்தறதும் கரையில ஒரு அடி வெட்டறதும் ஒண்ணுதான்” என்று ஐயா போனிலேயே திட்டித் தீர்த்தார். மண்கரை கசிவைக்கூடக் கொஞ்ச நேரம் தாங்கும், தண்ணீர் மேலேறி வழிந்தால் தாங்காது. 2021 நவம்பர் 19-ல் கடப்பா பக்கம் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணையில் அதுதான் நடந்தது. மேலே பிஞ்சா அணை உடைந்த வெள்ளமும் சேர்ந்து வந்தது. அன்னமய்யாவிலோ 5 மதகுக் கதவுகளில் ஒன்று வேலை செய்யவில்லை. தண்ணீர் மேலேறி மண்கரை அடித்துக்கொண்டு போனது. அதே சமயத்தில்தான் திருப்பதி பக்கம் ராயலசெருவு கசிந்து, கீழே இருந்த ஊர்களைக் காலி செய்தார்கள். இதெல்லாம் தெரிந்தும் மூட்டை அடுக்கியிருந்தோம். தம்பி வலையை அறுத்து மூட்டைகளைத் தள்ளினபோது கடைமடைக்காரர்கள் இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். விடிந்ததும் அவர்களே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

கீழே உள்ள ஊர்களுக்கு ஒவ்வொரு போனாகப் போட்ட டீச்சரம்மாவுக்கும் கடன்பட்டிருக்கிறோம். எங்கள் கோடித் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து பள்ளிப்பட்டு வழியாகப் பூண்டி ஏரிக்குப் போகிறது. கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் அந்தப் பக்கத்துக்கு எச்சரிக்கை போகும். ஊர் ஏரி உடைந்தால் யார் சொல்வது? அந்த 2021-லேயே அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சிலவற்றுக்கும்தான். எங்கள் கரை 16 அடி. அந்தச் சட்டத்தின் கண்ணில் படாது. ஆனால் அடியில் 300 வீடு இருக்கிறது.

மதகுக் கதவு துருப்பிடித்து இறுகிவிட்டது, அதன் செங்கல் குழாயை ஒட்டி மண் அரிக்கிறது என்று நாங்கள் நாலு தடவை மனு கொடுத்தோம். எந்த ஆபீஸ் என்று இங்கே எழுதவில்லை, நன்றி மடலில் அது எதற்கு. ஆனால் நாலு மணிக்குக் கொட்டும் மழையில் ஸ்கூட்டியில் வந்து இறங்கிய சின்ன இன்ஜினியரம்மாவை எழுதாமல் விட முடியாது. நிலைமை அடங்கியதும் கரை முழுக்க நடந்து, எலிவளைகளுக்கும் வேலிக்காத்தான் புதர்களுக்கும் சுண்ணாம்பு அடையாளம் போட்டுவிட்டுப் போனார். கோடையில் வேரோடு எடுத்து, மண்ணைக் கெட்டிக்கச் சொல்லியிருக்கிறார். பங்குனியில் ஆரம்பிக்கிறோம். அன்று வந்தவர்கள் மண்வெட்டியோடு வந்தால் சந்தோஷம்.

அப்புறம் ஒன்று. தார்ப்பாய்களில் மூன்று யாருடையவை என்று தெரியவில்லை. ஒன்று நீலம், ஓரத்தில் தெலுங்கில் ஒரு லாரி நம்பர். மற்ற இரண்டிலும் சேற்றைத் தவிர வேறு அடையாளம் இல்லை, அதையும் கழுவிவிட்டோம். கோயில் மண்டபத்தில் மடித்து வைத்திருக்கிறது. சாவி பூசாரி வீட்டில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருவிலிருந்து ஒரு தறிக்காரன்