உன் கைபேசியின் கடிகாரம்

பாளையங்கோட்டை,
9.11.2025, ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அக்கா வீட்டிலும் எல்லோரும் நலம். மழை பிடித்துக்கொண்டது, மாடிப் படிக்கட்டில் பாசி ஏறிவிட்டது, அம்மாவை மேலே போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், கேட்கமாட்டேன் என்கிறாள். வேறு செய்தி இல்லை.

போட்டோக்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கும் வேலை நேற்றோடு முடிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். தீபாவளியன்று நீ பேசியது ஆறு நிமிடம். அதில் ஐந்து நிமிடம் அம்மா எடுத்துக்கொண்டாள்.

பழைய கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது அல்லவா, அதனால் புதிது வாங்கினேன். என் ஓய்வூதியத்தில்தான் வாங்கினேன். நீ அனுப்புகிற பணத்தை நாங்கள் தொடுவதில்லை, கணக்கில் அப்படியே இருக்கிறது. உனக்கு எப்போது தேவைப்பட்டாலும் சொல், அன்றைக்கே திருப்பி அனுப்புகிறேன். தேவை இருக்கிறது என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ளாதே. இருப்பு எவ்வளவு என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புதிய கம்ப்யூட்டரோடு, படங்களை அடுக்கி வைக்கிற பிக்காசா மென்பொருளுக்கும் விடைகொடுத்துவிட்டேன். கூகுள் அதை 2016-லேயே கைவிட்டுவிட்டது, நான்தான் ஒன்பது வருடம் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ கற்றுக்கொடுத்தது என்பதால் விட மனமில்லை. இப்போது டிஜிகாம். இலவசம். எதை எழுதினாலும் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கச் சொல்லலாம் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆனால் புது வீட்டுக்குப் போகும் முன் பழைய வீட்டுச் சாமான்களை ஒழுங்குபடுத்த வேண்டும் அல்லவா? எண்ணிப் பார்த்தால் நம் குடும்பத்துக்கு நான்கு கிட்டங்கிகள். பழைய கம்ப்யூட்டரில் 23,418 படங்கள், நீ விட்டுப்போன லேப்டாப்பில் 11,206, அம்மாவின் கூகுள் கணக்கில் 9,875, அக்காவின் ஹார்ட் டிஸ்க்கில் 14,052. மொத்தம் 58,551. அக்கா, எல்லாவற்றையும் ஒரே போல்டரில் கொட்டிவிடுங்கள் அப்பா, மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்றாள். கொட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நான்கையும் தொடாமல் அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்தேன். ஒன்று இங்கே அலமாரியில், ஒன்று கோயம்புத்தூரில் அக்கா வீட்டில். நீயும் உன்னிடம் இருப்பதை நகல் எடுத்து வை. எல்லாம் கைபேசியில்தானே இருக்கிறது என்று இருந்துவிடாதே.

பிக்காசாவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. நாம் படத்தை வெட்டினாலும், சிவப்புக் கண்ணைத் திருத்தினாலும், நட்சத்திரம் போட்டாலும், அது படத்தைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு போல்டரிலும் மறைவாக ஒரு கோப்பு வைத்து அதில் குறித்துக்கொள்கிறது. சிட்டையில் எழுதிவிட்டுப் பேரேட்டில் ஏற்றாத குமாஸ்தா மாதிரி. படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் குறிப்பெல்லாம் தெருவில் நிற்கும். ஆகவே ஒவ்வொரு போல்டராகத் திறந்து, திருத்தங்களைச் சேமிக்கச் சொல்லி, முகங்களுக்கு நாம் சூட்டிய பெயர்களைப் படத்துக்குள்ளேயே எழுதச் சொன்னேன். பதினொரு நாள் ஆனது. உன் முகத்துக்கு மட்டும் 3,112 இடத்தில் பெயர் இருக்கிறது. அவ்வளவும் 2016-க்கு முன்பு.

இரட்டைகளை நீக்குவது அதைவிடச் சுலபம். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போல ஓர் எண் கணக்கிடலாம், எண் ஒன்றானால் படமும் ஒன்று. அப்படி 17,322 போயிற்று. வாட்ஸ்அப் வழியாக வந்தவை அந்த வலையில் சிக்காது. அது படத்தைச் சுருக்கி, எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாவற்றையும் உருவிவிட்டுத்தான் அனுப்புகிறது, அதனால் கைரேகை மாறிவிடும். அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் கழித்தேன். அம்மாவுக்கு வருகிற காலை வணக்கங்களைக் கழித்ததற்கு அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்காவின் வளைகாப்புப் படங்கள் எல்லாம் 2006 ஜனவரி 1 என்று காட்டின. கேமராவின் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பிறந்த நாளுக்கே திரும்பிப் போயிருக்கிறது. எப்படிச் சரிசெய்தேன் தெரியுமா? ஒரு படத்தில் அக்காவின் தலைக்கு மேலே நம் கூடத்துச் சுவர்க்கடிகாரம் தெரிகிறது, மணி பத்து இருபது. படத்தின் குறிப்பில் மூன்று நாற்பத்தேழு. நாள் நமக்குத் தெரியும். வித்தியாசத்தைக் கணக்கிட்டு அத்தனை படத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டேன். அக்கா ஆச்சரியப்பட்டாள். நீ இருந்திருந்தால், இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாதே அப்பா என்றிருப்பாய்.

கடிகாரத்தைப் பற்றிப் பேசும்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் கைபேசியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா?

2023 பொங்கலுக்கு வந்தபோது, நீ எடுக்கிற படமெல்லாம் தானாகவே அம்மாவின் கூகுள் கணக்குக்கு வரும்படி நீயே செய்து வைத்தாய். நினைவிருக்கிறதோ இல்லையோ, அது இன்றும் வந்துகொண்டிருக்கிறது. கூகுளிலிருந்து மொத்தமாக இறக்கியபோது ஒவ்வொரு படத்தோடும் ஒரு குறிப்புக் கோப்பு வந்தது. ஜூன் மாதத்துப் படம் ஒன்றைத் திறந்தேன். உன் சமையலறை, கெட்டில், பக்கத்தில் ஒரு கோப்பை. நேரம் மாலை 5:10 என்றிருந்தது. சரி, பிள்ளை வேலை முடிந்து வந்து தேநீர் போடுகிறான் என்று நினைத்தேன். அடுத்த நாள்தான் கவனித்தேன், அந்த நேரம் உங்கள் ஊர் நேரமும் இல்லை, நம் நேரமும் இல்லை, கிரீனிச் நேரம். மெல்போர்னுக்குப் பத்து மணி நேரம் கூட்ட வேண்டும். கூட்டினால் அதிகாலை 3:10.

தவறாக இருக்கும் என்று படத்துக்குள் இருக்கிற குறிப்பையும் பார்த்தேன். அதிலும் 3:10.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் 47 படங்கள். ஜன்னலும் தெருவிளக்கும். கண்ணாடியில் மழை. பாதி சாப்பிட்ட தட்டு. கூரை, வெறும் கூரை. முன்பு இருந்த நீலத் திரைச்சீலை இல்லை, சுவரும் வேறு நிறம். வீடு மாறியதாக நீ சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை, அம்மாவிடம் சொல்லியிருப்பாய். ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு யாரா ஆற்றங்கரை, காலியான பெஞ்சு. அன்றைக்கு அங்கே ஏதாவது விடுமுறையாக இருக்கலாம்.

நான் ஒன்றும் துப்பறியவில்லை. தேதிவாரியாக அடுக்கினால் எல்லாம் கண்ணில் படத்தானே செய்யும். அம்மாவிடம் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. கைபேசியைப் படுக்கைக்கு எடுத்துப் போகாதே. கடிகாரம் தவறாக இருந்தால் அமைப்புகளில் போய்த் தானியங்கி நேரத்தைத் தேர்ந்தெடு. நகல் எடுத்து வை.

கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா?

2009 ஆனித் தேரோட்டம். ஆச்சி வடம் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று அடம்பிடித்து, நீ அவளை ஆட்டோவில் அழைத்துப் போனாய். நண்பனின் சோனி கேமராவில் 112 படம் எடுத்தாய். கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு அட்டையை அழித்துக் கொடுத்தாய். போல்டருக்கு "2009 ஆனி" என்று பெயர் வைத்தாய். அடுத்த மாதம் சீசனுக்கு எங்கள் அலுவலகத்தில் குற்றாலம் போனோம். நானும் ஒருவரிடம் கேமரா இரவல் வாங்கிப் போனேன். அதுவும் சோனி. எனக்குத் தெரிந்த போல்டர் அது ஒன்றுதான், அதிலேயே கொண்டுபோய்க் கொட்டினேன். இரண்டு கேமராவும் டிஎஸ்சி00001 என்றுதான் எண்ணத் தொடங்கியிருந்தன. ஏற்கெனவே இந்தப் பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆம் என்று அழுத்தினேன்.

கார்த்திகையில் ஆச்சி போனாள். மாலை போடப் பெரிய படம் வேண்டும் என்று திறந்தால், துண்டு கட்டிக்கொண்டு அருவிக்குக் கீழே நிற்கிற எங்கள் மேலாளர். பதினாறாம் நாள் பந்தியில், பெரியப்பா, மாமா, அத்தை எல்லோருக்கும் முன்னால் உன்னைக் கேட்டேன்: ஆச்சியின் கடைசி முகத்தை அழித்துவிட்டாயே, உனக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கிறதா? உனக்குப் பத்தொன்பது வயது. சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். ஒன்றும் சொல்லவில்லை. மாமா இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

அன்று இரவே எனக்குத் தெரியும், தம்பி. எல்லோரும் படுத்த பிறகு போல்டரைத் திறந்து பார்த்தேன். குற்றாலம் 84-இல் முடிகிறது. தேர் 85-இல் தொடங்குகிறது, 112 வரை, வெறும் சக்கரமும் வடமும் கூட்டத்தின் தலைகளும். முப்பத்து நான்கு வருடம் கணக்கு எழுதியவனுக்கு அந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் உறவினர்கள் இருந்தார்கள். அவர்கள் போன பிறகு, இனி எதற்கு என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு பதினாறு வருடம் ஆகிவிட்டது. மாமா சொல்லும்போதெல்லாம் நானும் பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

இதை நான் எழுதாமலேயே போயிருப்பேன். போன வாரம் உன் லேப்டாப்பைச் சேர்க்கும்போது "85 முதல்" என்று ஒரு போல்டர் வந்தது. உருவாக்கிய மாதம் 2009 டிசம்பர். உள்ளே குற்றாலத்துப் படங்கள் 84, தேர்ப் படங்கள் 28, வரிசையாக.

அப்படியானால் உனக்கும் தெரிந்திருக்கிறது. என்னைப் போலவே நீயும் எண்களைப் பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருந்திருக்கிறாய். பந்தியில் திருப்பிச் சொல்லியிருக்கலாம், பிறகாவது சண்டை பிடித்திருக்கலாம். பெயர் வைத்து ஒரு மூலையில் போட்டுவிட்டு, அதன் பிறகு என்னிடம் எதையும் சொல்வதை நிறுத்திக்கொண்டாய். பொறியியல் இரண்டாம் வருடம் ஒரு பாடத்தில் தோற்றதை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். ஆஸ்திரேலியா போகிற செய்தியும் டிக்கெட் வாங்கிய பிறகுதான் வந்தது. பிள்ளை அழுத்தக்காரன் என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அழுத்தக்காரன் யார் என்று அந்த போல்டரைப் பார்த்த பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது.

பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் நானே சொல்லிவிடுகிறேன். மாமாவுக்குத் தை மாதக் கல்யாணத்தில், பந்தியில் வைத்தே சொல்கிறேன்.

போல்டரின் பெயரை மாற்றவில்லை. அப்படியே இருக்கிறது. 97-ஆவது படத்தில் கூட்டத்துக்கு நடுவே வடத்தைப் பிடித்தபடி ஒரு கை தெரிகிறது, காப்பைப் பார்த்தால் ஆச்சியின் கை மாதிரி இருக்கிறது. அம்மா இல்லை என்கிறாள். பெரிதாக்கி உனக்கு அனுப்பியிருக்கிறேன், நீ கூடவே இருந்தவன், பார்த்துச் சொல்.

உன் படங்கள் எங்களுக்கு வருவதை நிறுத்த வேண்டும் என்றால் நிறுத்திக்கொள். அமைப்புகளில் பகிர்வு என்று இருக்கும். நான் தவறாக நினைக்க மாட்டேன். நிறுத்தாவிட்டாலும் இனிமேல் நேரத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பார்ப்பேன்.

கல்யாணப் பேச்சை இதில் எடுக்கவில்லை, கவனித்தாயா? வேலையைப் பற்றியும் கேட்கவில்லை. அம்மா உளுந்தங்களி கிண்டும்போதெல்லாம் உன் பங்கு என்று ஓர் உருண்டை எடுத்து வைக்கிறாள், பிறகு நான்தான் சாப்பிடுகிறேன், சர்க்கரை கூடிவிட்டது.

அக்டோபர் முதல் ஞாயிற்றிலிருந்து உங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்துவிட்டார்கள், அதனால் இப்போது ஐந்தரை மணி நேர வித்தியாசம். அங்கே அதிகாலை மூன்று என்றால் இங்கே இரவு ஒன்பதரைதான். சாப்பிட்டு முடித்து நான் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பேன். அம்மா பத்தரைக்கு முன் படுப்பதில்லை.

அப்பா