பிரிண்டர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்: எச்சரியுங்கள், பூட்டாதீர்கள்

பிரிண்டர் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில், வேறு நிறுவனம் செய்த ஒரு கம்பாட்டிபிள் மைக் கார்ட்ரிட்ஜ் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் மகளின் விண்ணப்பத்தை அச்சடிக்கப் போனால், 'இந்தக் கார்ட்ரிட்ஜை ஏற்க முடியாது' என்கிறது திரை. முந்தின நாள் மாலை வரை ஏற்றுக்கொண்ட அதே கார்ட்ரிட்ஜ்தான். மையும் பாதி இருந்தது. இரவில் பிரிண்டர் தானாகவே ஒரு ஃபர்ம்வேர் அப்டேட்டை, அதாவது தன்னை இயக்கும் உள் மென்பொருளின் புதுப்பிப்பை, போட்டுக்கொண்டிருக்கிறது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. உங்களில் ஒருவர் மட்டும் செய்கிற காரியமாக இருந்தால் தனிக் கடிதமாகவே போட்டிருப்பேன்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும், பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருமுறை நானே சிரிஞ்சை எடுத்து ரீஃபில் செய்தேன். டை மை போக வேண்டிய கார்ட்ரிட்ஜில் பிக்மென்ட் மையை ஏற்றிவிட்டேன். டை மையில் சாயம் திரவத்தோடு கரைந்திருக்கும். பிக்மென்ட்டில் அது கரையாத நுண்துகளாக மிதக்கும். அந்தத் துகளுக்கென்று செய்யாத நாசிலில், அதாவது மை வெளிவரும் நுண்துளையில், போய் அடைத்துக்கொண்டது. நல்லவேளை, அது நாசில்கள் இருக்கும் ஹெட்டும் கார்ட்ரிட்ஜும் ஒன்றாக வரும் வகை. கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டதோடு போயிற்று. ஹெட் பிரிண்டரிலேயே பொருத்தியிருக்கும் வகை என்றால் பிரிண்டருக்கே வேட்டு வைத்திருப்பேன்.

சரி, இந்த வித்தியாசத்தை வாங்கும்போதே எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் யார்? ஹெட் எங்கே இருக்கிறது, எந்த நிறத்துக்கு எந்த வகை மை என்பதைப் பெட்டியின் மேல் இரண்டு வரியில் போட்டிருந்தால் போதும். ஹெட்டோடு வரும் கார்ட்ரிட்ஜைச் சில தடவைதான் ரீஃபில் செய்யலாம், அப்புறம் நாசில் தேய்ந்து கோடு விழும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அதற்குப் பதிலாக எத்தனை பக்கம் வரும் என்று ஒரு எண்ணைப் பெரிதாகப் போடுகிறீர்கள். ஐஎஸ்ஓ 24711 என்ற சர்வதேசச் சோதனை முறைப்படி தொடர்ச்சியாக அச்சடித்துப் பார்த்த எண் அது. வீட்டில் வாரத்துக்கு ஒரு பக்கம் எடுக்கிறவனுக்கு, மையில் கணிசமான பங்கு ஹெட்டைச் சுத்தம் செய்யவே போய்விடுகிறது. உள்ளே எத்தனை மில்லிலிட்டர் மை என்பது பல பெட்டிகளில் கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய விஷயம்.

இனி, கார்ட்ரிட்ஜ் உங்களுடையதுதானா என்று பிரிண்டர் கண்டுகொள்ள அதன் மேல் ஒட்டியிருக்கும் சிப். அச்சுத் தரத்தைக் காக்கத்தான் சிப் என்கிறீர்கள். 2022 தொடக்கத்தில் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது, கேனான் தன் அலுவலக லேசர் இயந்திரங்களுக்கான சொந்த டோனரையே (மைக்குப் பதிலான தூள்) சிப் இல்லாமல் விற்றது. அந்த டோனரைப் போட்டால் திரையில் எச்சரிக்கை வரும். அதை எப்படித் தாண்டுவது என்று ஜெர்மனியில் வாடிக்கையாளர்களுக்கு அந்த நிறுவனமே வழி சொல்லிக்கொடுத்தது. அச்சுத் தரத்துக்குப் பாதிப்பில்லை, டோனர் அளவு காட்டுவது போன்ற வசதிகளில்தான் குறை இருக்கலாம் என்றும் சொன்னது. உங்கள் சரக்குக்குத் திறந்த அந்த வழி எங்கள் ரீஃபிலுக்கு ஏன் மூடியிருக்கிறது?

விற்ற கார்ட்ரிட்ஜ் யாருடையது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ரீஃபில் செய்த டோனர் கார்ட்ரிட்ஜ்கள் பற்றி லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனம் தொடுத்த வழக்கில், ஒரு பொருளை விற்றதுமே அதன் மேலுள்ள காப்புரிமை (பேட்டன்ட்) தீர்ந்துவிடுகிறது என்று 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்புரிமையால் போட முடியாத பூட்டை இப்போது ஃபர்ம்வேரால் போடுகிறீர்கள்.

போலியைப் பிடிக்கத்தான் இதெல்லாம் என்ற பதில் வரும். உங்கள் பெயரை ஒட்டி விற்பவனைத் தாராளமாகப் பிடியுங்கள். தன் பெயரைப் போட்டு, இந்த மாடலுக்குப் பொருந்தும் என்று விற்கிற கம்பாட்டிபிள் போலி ஆகாது. அதைப் போட்டால், 'இது எங்கள் மை இல்லை, இதனால் வரும் பழுதுக்கு நாங்கள் பொறுப்பில்லை, தொடரவா?' என்று கேளுங்கள். தொடர் என்று அமுக்கிய பிறகு ஹெட் அடைத்தால் உங்களிடம் வந்து நிற்க மாட்டேன். எந்தக் கார்ட்ரிட்ஜையாவது தடுக்கப்போகிற அப்டேட் என்றால், அதைப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தானும் இருக்கட்டும்.

போட்டுவிட்ட அப்டேட்டைப் பழையபடி திருப்ப வழி இருந்தால் அதையும் தெரிவியுங்கள். அந்தப் பாதிக் கார்ட்ரிட்ஜை நான் இன்னும் எறியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்